தெற்கு ரேக்கில் பதினாறு நாள்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே அக்னி நட்சத்திரத்தில் குரங்கு குல்லா போட்டுக்கொண்டு சைக்கிளில் போன ஒரே மனிதர் எங்கள் டேப் அண்ணாச்சிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் ஒரு மில் கம்பெனியின் கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கம்பெனிக் கணக்குகளைப் பதிந்துவைத்த டேப் லைப்ரரியை அவர் தனி ராஜ்யமாக ஆண்டுகொண்டிருந்தார். ஏ.சி. குளிருக்காகப் போட்ட குல்லாவை வெளியே வந்ததும் கழற்ற மறந்துவிடுவார். டேப்பைத் தவிர வேறு எதையும் அவர் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

நான் அப்போது பெரிய அறிவாளி. சென்னையில் மூன்று வாரப் பயிற்சியை முடித்துவிட்டு, தினமும் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் டை கட்டிக்கொண்டு வந்து இறங்குவேன். கண்டக்டர் கடைசிவரை என்னை மருந்துக் கம்பெனி ஆள் என்றே நினைத்திருந்தார்.

முதல் நாள் காலை அண்ணாச்சி கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். "நேத்தைக்கு நாலு பேரு போயிட்டாவ வே" என்றார். நான் பதறி எழுந்து, தலை குனிந்து மௌனமாக நின்றேன். "பாவம், போன வருசத்து லீவுக் கணக்கு. ஒரு நாளும் மக்கர் பண்ணுனது கிடையாது" என்று அவர் தொடர்ந்த பிறகுதான், போனவை டேப்புகள் என்று தெரிந்தது. ஒன்றும் நடக்காததுபோல் ஷூ நாடாவைக் கட்டினேன். ஷூவைத்தான் வாசலிலேயே கழற்றிவிட்டிருந்தேனே!

விஷயம் இதுதான். ஒரு டேப்பில் எழுதும்போதே அதை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவோம். கெடு முடிந்த டேப்புகளின் பட்டியலை மெஷின் காலையில் அடித்துத் தரும். அதில் நான் கையெழுத்துப் போட்டால், அந்த டேப்புகளின் மேலே புதிதாக எழுதிக்கொள்ளலாம். எழுதிவிட்டால் பழையது போனது போனதுதான். எல்லா ஊரிலும் உடனே எழுதிவிடுவார்கள். அண்ணாச்சி மட்டும் அவற்றைத் தெற்குச் சுவர் ரேக்கில் வைத்து, பதினாறு நாள் கழித்தே வெளியே விடுவார்.

"மனுசன் போனாலே பதினாறு கழியாம அவன் சட்டையை எடுத்து இன்னொருத்தன் போட மாட்டான். இதுல எத்தனை பேரு பாடு கெடக்கு! பைய எடுப்போம் வே" என்பார்.

இரண்டு மாதத்துக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. காலி டேப் கிடைக்காமல் என் ப்ரோக்ராம்கள் காத்துக் கிடந்தன. மானேஜருக்கு இங்கிலீஷில் மூன்று பக்கம் எழுதினேன். மூடநம்பிக்கை என்று வந்த இரண்டு இடத்திலும் சிவப்பு மையில் கோடு போட்டேன். உத்தரவு வந்தது: இனி கெடு முடிந்த அன்றே டேப் வெளியே வர வேண்டும்.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை படித்தார். "நல்லா எழுதியிருக்கீரு. இனிமே போறவியளுக்கு இப்படியே செஞ்சிருவோம். ஏற்கெனவே போனவியளுக்குப் பழைய முறைதான். பாதியில நிறுத்தக் கூடாதுல்லா?"

உத்தரவு வந்த மூன்றாம் நாள் மானேஜர் தொழிலாளர்களின் சர்வீஸ் விவரம் கேட்டார். நாலு பெண்கள் ஏழு மாதம் உட்கார்ந்து டைப் அடித்த விவரம் அது. இருந்தது ஒரே டேப்பில். அப்படி ஒரு டேப்பே கிடையாது என்றது மெஷின். பழைய தாள்களைப் புரட்டினேன். அதை டேப்பில் ஏற்றியபோது, 365 நாள் என்று போட வேண்டிய இடத்தில் 36 என்று போட்டிருந்தேன். கெடு முடிந்த பட்டியலில் அதன் நம்பர் இருந்தது. கீழே என் கையெழுத்து, வழக்கத்தைவிட அழகாக. எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் குளிரிலும் டை நனைந்துவிட்டது.

"அண்ணாச்சி, அது மேல எழுதியாச்சா?" என்று நம்பரை நீட்டினேன்.

அவர் விரல் மடக்கி எண்ணினார். "இன்னைக்கு ஒம்பதாம் நாளு. இன்னும் ஏழு நாளு இருக்கே. எதுக்குக் கண்ணு கலங்குதீரு? இங்கன உக்காரும்."

ரீலைத் துடைத்து என் மடியில் வைத்தார். ஒரு எழுத்துகூட அழியவில்லை. அறிக்கை ஏன் தாமதம் என்று மானேஜர் கேட்டபோது, "நாந்தான் சார் ரேக்கு மாத்தி வச்சிட்டேன்" என்றார் அண்ணாச்சி. மூன்று பக்கம் இங்கிலீஷ் தெரிந்த எனக்கு, 'இல்லை, நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

பதிலுக்கு என்னால் முடிந்தது இன்னொரு மூன்று பக்கம். பதினாறு நாளுக்குப் 'பாதுகாப்பு இடைவெளி' என்று இங்கிலீஷில் பெயர் சூட்டினேன். பழைய உத்தரவு ரத்தானது. தலைமை அலுவலகம் என்னைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அண்ணாச்சியிடம் காட்டினேன். "அதான் சொன்னேம்லா, நல்லா எழுதுதீருன்னு" என்றார்.

சில வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். மறுநாளே அந்த நாற்காலியில் புது ஆளை உட்காரவைக்கச் சொன்னார் மானேஜர். "பதினாறு நாள் போகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனிதர் உயிரோடு, குல்லாவோடு, ஊருக்குள் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கிறார்! ஆனாலும் நாற்காலி பதினாறு நாள் காலியாகவே கிடந்தது.

பதினேழாம் நாளும் எனக்கு மனசு வரவில்லை. புது ஆளை என் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன்.