வற்றியும் வற்றாத கீழ்த்தளம்

முந்தின நாள் மழைத் தண்ணீரைக் கீழ்த்தளத்திலிருந்து இறைத்து முடித்து, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு அவர் வந்து பார்த்தால், மறுபடியும் கணுக்காலளவு நின்றது.

மழை எப்போதோ விட்டாயிற்று. வெளியே வெயில் அடிக்கிறது. வண்டி நிறுத்தும் அந்தக் கீழ்த்தளத்தில் மட்டும் தண்ணீர் போவேனா என்கிறது.

“நிஜமாவே இறைச்சீங்களா, இல்ல மோட்டாரோட உட்கார்ந்து கதை பேசிட்டிருந்தீங்களா?” என்றாள் மனைவி.

“தரை தெரிஞ்சுதே. நீயும்தானே பார்த்தே?”

“அப்ப தரையைப் பார்த்தேன். இப்ப தண்ணியைப் பார்க்கிறேன்.”

அவர் கொத்தனார். இடுப்பு போன பிறகு வேலைக்குக் கூப்பிட ஆளில்லாமல் இருந்தவரை, போன மாதம்தான் இந்த அடுக்குவீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்து, கீழ்த்தள மூலையில் ஓர் அறையும் கொடுத்தவர் வீட்டுக்கார அம்மா. அந்த நன்றியில் மனிதர் எதைக் கண்டாலும் வாழ்த்துவார். லிஃப்ட் கதவு ஒழுங்காகத் திறந்தால்கூட ‘நல்லாயிருப்பே’ என்பார். குடியிருப்பவர்கள் அவருக்கு ‘நல்லாயிரு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த அம்மாதான் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: “சாயங்காலம் எல்லா வண்டியும் திரும்பி வரும். அதுக்குள்ள தரை காயலேன்னா வேற ஆளைத்தான் பார்க்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க.”

வேறு ஆள் என்றால் வேலையோடு போகாது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள அந்த அறையும் போய்விடும்.

மறுபடி மோட்டாரைப் போட்டார். குழாய் வழியே பின்பக்கத் தோட்டத்துக்குப் போன தண்ணீர் அங்கே சேறாகித் தளும்பியது. கடப்பாரையை எடுத்து, பக்கத்து வீட்டை ஒட்டிய மதிலோரம் ஆழமாகக் குழி தோண்டி, குழாயை அதற்குள் இறக்கினார். மடக்கு மடக்கென்று மண் குடித்தது.

“என்ன தாகம் பாரு. நல்லாயிருப்பே தாயி,” என்றார் மண்ணைப் பார்த்து.

“குடிக்கிறது சரி. குடிச்சதெல்லாம் எங்க போகுதாம்?”

“பூமிக்குள்ள. பூமி என்ன சின்ன இடமா?”

தரை தெரிந்தது. துடைப்பம் எடுக்கப் போய் வருவதற்குள், போன தடவையைவிடச் சீக்கிரமாகத் தண்ணீர் வந்துவிட்டது. இந்த முறை வழி கண்ணில் பட்டது. பக்கவாட்டுச் சுவரின் விரிசலில் ஊற்றுபோலக் கசிந்தது.

“இங்கதான் இருக்கியா நீ?” என்று சிமெண்டைக் கெட்டியாகக் குழைத்து அடைத்தார். பழகிய கை. ஒரு சொட்டு வரவில்லை. சுவரைத் தட்டிக்கொடுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவர் நிமிர்வதற்குள் அறையிலிருந்து குரல் வந்தது.

“ஏங்க, சுவருக்கு நன்றி சொல்லி முடிச்சாச்சுன்னா இங்க வாங்க. அது இப்ப நம்ம கட்டிலுக்கு அடியில வருது.”

முதல் மாடி எலக்ட்ரீஷியன் இரக்கப்பட்டு இன்னொரு மோட்டாரைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து உறுமின. தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் வற்றியது. அதே வேகத்தில் ஊறியது.

மனைவி துணிகளை மூட்டையாகக் கட்டிப் படிக்கட்டில் ஏற்றினாள்.

“எதுக்கு மூட்டை கட்டுறே?”

“நனையாம இருக்கத்தான். போகச் சொல்லிட்டாலும் மறுபடி கட்ட வேண்டாம் பாருங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவரைப் படியில் உட்காரவைத்து இடுப்பில் தைலம் தேய்த்துவிட்டாள். எது போனாலும் இவள் இருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா இறங்கி வந்தார். தண்ணீரைப் பார்த்தார். தலைமுதல் கால்வரை சேறாக நின்ற மனிதரைப் பார்த்தார். “காலையிலேயே சொன்னேனே...” என்று இழுத்தார்.

“பரவாயில்லம்மா,” என்றார் கொத்தனாரே. “ஒரு மாசம் கதவைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கினோம். அதுக்கே நீங்க நல்லாயிருக்கணும்.”

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடா தொங்க, முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார்.

“அம்மா, நீங்களும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. வருஷக்கணக்காக் காய்ஞ்சு கிடந்த எங்க கிணத்துல இன்னைக்குக் காலையில இருந்து தண்ணி. மத்தியானத்துக்கு மேல இன்னும் ஜாஸ்தி. ஒரே கலங்கல், தெளியட்டும்னு நாங்களும் விடாம மோட்டார் போட்டு எடுத்துக்கிட்டே இருக்கோம். வந்துக்கிட்டே இருக்கு.”

கொத்தனாரின் மனைவி மெல்ல எழுந்தாள். “எடுத்த தண்ணியை எங்கண்ணே விடுறீங்க?”

“உங்க சுவரை ஒட்டி எங்க பழைய உறிஞ்சுகுழி ஒண்ணு இருக்கும்மா, எவ்வளவு விட்டாலும் ஒரு சொட்டு வெளியே வராம உங்க பக்கம் வாங்கிக்குது, அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”