பூஜ்யப் பழுது மாதம்

உலகமெல்லாம் வண்டிகளில் பழுதை நீக்கிக்கொண்டிருந்த காலத்தில், பழுது என்ற எண்ணத்தையே நீக்கிய பெருமை மிச்சிகனின் வடகோடியில் இருக்கும் ஒரு மாவட்ட முதியோர் பேருந்துப் பணிமனையைச் சேரும். மூன்று கூட்டங்களும் இரண்டு டஜன் டோனட்டும் செலவிட்டு அதன் இயக்குநர் மெர்வின் டக்கெட் இதைச் சாதித்தார்.

பணிமனையின் ஒரே மெக்கானிக் ஐலா கோர்ப்பெலாவுக்கு மட்டும் சாதனையின் மகத்துவம் விளங்கவில்லை. பத்தொன்பது வருஷம் கிரீஸில் ஊறிய கைக்கு உயர்ந்த விஷயங்கள் சட்டென்று பிடிபடுமா?

ஜனவரியில் நான்காம் எண் பேருந்தில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஐலா கருவியைச் செருகினாள். பி-0128 என்ற பழுதுக் குறியீடு, அதாவது ‘கோடு’, வந்தது. எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். வேறு ஆளாக இருந்தால் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பான். ஐலா பானட்டைத் திறந்தாள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் குறைந்திருந்தது. தண்ணீர்ப் பம்பின் அடியில் கசிவு ரோஸ் நிறத்தில் படிந்திருந்தது. பம்பை மாற்ற வேண்டும், வண்டி இரண்டு நாள் நிற்க வேண்டும் என்று இயக்குநரிடம் சொன்னாள்.

மெர்வின் தன் கோட்டுப் பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை எடுத்துச் செருகி, பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது.

“பாத்தீங்களா ஐலா? நாலு செகண்ட்ல சரியாயிடுச்சு.”

“விளக்குதான் அணைஞ்சிருக்கு. பம்பு ஒழுகிட்டுதானே இருக்கு?”

“கோடு ஏதாவது காட்டுதா?”

“இல்ல.”

“அப்ப பழுது எங்க இருக்கு?”

“பம்புல!”

“அது உங்க ‘அபிப்பிராயம்’. என் அறிக்கையில அபிப்பிராயத்துக்குக் கட்டமே கிடையாது.”

“மெர்வ், எங்க தேடணும்னுதான் கோடு சொல்லுது. அது வாயைப் பொத்திட்டா பம்பு தானா ஆறிடுமா? உங்க நெத்தியில விளக்கு எரியலைங்கிறதுக்காக உள்ள எல்லாம் சரியா இருக்குன்னு நானும் நம்பிட்டேன் பாருங்க.”

“எப்பவும் எதிர்மறையாவே பேசறீங்க. ‘பூஜ்யப் பழுது மாதம்’ முடிய ஒன்பது நாள்தான் இருக்கு.”

அன்றுமுதல் மெர்வின் தினமும் காலையில் ஒவ்வொரு வண்டியாக ஏறி, தம் திருக்கரத்தாலேயே பழுதுகளை அழித்தருளினார். ஐலா அவருக்கு முன்பே வந்து நான்காம் எண்ணில் கூலன்ட் ஊற்றி வைத்தாள். ஒருமுறை அதன் சாவியை ஒளித்தும் பார்த்தாள். அவரிடம் மாற்றுச் சாவி இருந்தது. சாவியை ஒளித்ததற்குப் பரிகாரமாக, இருபத்தெட்டாம் தேதி அவளை ‘நேர்மறைச் சிந்தனைப் பயிற்சி’க்கு அனுப்பினார்.

அன்று கூலன்ட் ஊற்ற ஆளில்லை. ஆறு முதியவர்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற நான்காம் எண், காட்டுச் சாலையில் கொதித்து நின்றது. வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. போனில் சிக்னல் இல்லை. ஹீட்டரும் செத்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மரம் ஏற்றிய லாரி ஒன்று அந்த வழியாக வந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவரான எண்பத்தொரு வயது ஆர்விட் நிஸ்கானனின், குளிரில் விறைத்துப்போன இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஐலா அவரைப் பார்க்கப் போனாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க? ரெண்டுதான் போச்சு, எட்டு நல்லா இருக்கு,” என்றார் கிழவர். “உங்க டைரக்டர்கிட்ட சொல்லு. எம்பது சதவீதம்னு அறிக்கையில போட்டுக்குவாரு.”

அவள் சிரித்தாள். வராந்தாவுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

விசாரணைக் குழு கூடியது. திரையில் நான்காம் எண்ணின் முப்பத்தொரு நாள் பதிவும் பளிச்சென்று தெரிந்தது: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். உறுப்பினர்கள் அந்தப் பூஜ்யங்களைப் பூஜிக்காத குறை.

“வண்டி மேல குத்தமே இல்லையே,” என்றார் தலைவர். “அப்படியே பழுது இருந்திருந்தா, அது இங்க யாருக்காவது தெரியுமா?”

மெர்வின் கூரையைப் பார்த்தார். ஐலா எழுந்தாள்.

“எனக்குத் தெரியும்.”

அரங்கில் பெரும் நிம்மதி பரவியது. மெர்வினுக்குப் ‘பூஜ்யப் பழுது மாத’க் கேடயம் வழங்கப்பட்டது. பழுது இருப்பது தெரிந்த ஒரே ஆள் தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டதால், குற்றவாளியைத் தேடும் சிரமம் குழுவுக்கு ஏற்படவில்லை.