தெரியாது சாரும் சிப்பிக் கணக்கும்

‘தெரியாது’ என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எழுபதுகளில், தூத்துக்குடியில் முத்துச்சிப்பிகளை ஆராயும் ஒரு சின்ன அலுவலகத்தில், அந்தத் தெரியாது சாரோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவன் நான். கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. அந்தத் தோள்வலி இன்னும் போகவில்லை.

கடலடியில் சிப்பி சில வருடம் கொட்டிக் கிடக்கும். பிறகு பெயருக்குக்கூட இருக்காது. அடுத்த முத்துக்குளிப்பு எப்போது என்று அவர் சொல்லியாக வேண்டும். கணக்கு எளியதுதான். சிப்பி பெருகும், மிகவும் நெருங்கினால் இடமில்லாமல் சாகும். இந்த வருட விடையை அடுத்த வருடத்துக்குள் போட்டு, அதை அதற்கடுத்த வருடத்துக்குள் போட்டு, சுற்று, சுற்று என்று என் உயிரை வாங்குவார்.

ஒரு நாள் கை ஓய்ந்துபோய், முதல் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த கடைசி இலக்கத்தை விட்டுவிட்டேன். முதல் சில வருடங்களுக்குக் கிட்டத்தட்டப் பழைய விடைகளே வந்தன. அப்புறம் கணக்கு தன் போக்கில் ஓடியது. முன்பு சிப்பி நிரம்பி வழிந்த வருடத்தில் இப்போது வெறும் மணல். திட்டப்போகிறார் என்று பார்த்தால், மனிதர் எழுந்து நின்று கை தட்டுகிறார்.

“ஏலே, எள் மூக்கத்தனைதான விட்ட! எங்க கொண்டு போய் விட்டுருக்கு பாரு! இன்னொருக்கா சுத்து!”

சாயங்காலம்வரை சுற்றினேன்.

கடலடியில் சிப்பியை அவ்வளவு துல்லியமாக யார் எண்ண முடியும்? அன்றிலிருந்து அவருக்கு ஒரே பதில்தான். மேலதிகாரி வந்து கேட்டார்.

“முத்துக்குளிப்பு உண்டா, இல்லையா?”

“தெரியாது சார்.”

“அப்ப இத்தன மாசமா என்னத்தப் பண்ணுனீரு?”

“தெரியாதுன்னு கண்டுபிடிச்சேன் சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு தொம்மை வந்தார். புன்னைக்காயல்காரர், எங்களுக்காகக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துத் தருகிறவர்.

“சார், கப்பல்ல வேல வந்துருக்கு. நாளைக்கு ஏறணும். முத்துக்குளிப்பு வந்தா என் பங்குல வீட்டுக்கு ஓடு போட்டுருவேன். நிக்கட்டா, போகட்டா?”

“தெரியாது” என்றார்.

தொம்மை நகரவில்லை. பிள்ளைகள் ஒழுகுகிற ஓலைக்கடியில் படுப்பதைச் சொன்னார். தெரியாது சார் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் தோள் தானாகச் சுருங்கியது.

“கப்பல்ல ஏறும்வே. இது கணக்கு இல்ல. பிள்ளைகளுக்காகச் சொல்லுதேன்.”

தொம்மை ஏறினார். அடுத்த வருடம் கடலடியில் சிப்பியே இல்லை. அலுவலகமே தெரியாது சாரைத் தீர்க்கதரிசி என்று கொண்டாடியது. மனிதர் எரிந்து விழுந்தார்.

“குருட்டாம்போக்குல சொன்னேம்ய்யா! சிப்பி இருந்துருந்தா அந்தாளு பொழப்பு என்னாயிருக்கும்?”

கப்பல் சம்பளத்தில் தொம்மை வீட்டில் ஓடு ஏறும்வரை தெரியாது சார் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லாம் தெரிந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அவர் ஒரு தரம் வந்து “தெரியாதுலே” என்று சொல்வாரானால், இந்தத் தோளை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் முழுக்கச் சுற்றுவேன்.