அருணா விளம்பரம் எழுதுகிறாள்

ஜவ்வாது மலை,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் வெற்றிச்செல்வன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ரங்கன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் மங்கம்மாளும் உடம்பளவில் சுகம். எங்கள் மகள் அருணா எல்லா அளவிலும் சுகம். அதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. கணியம்பாடியில் நீங்களும் வடிவு அக்காவும் பிள்ளைகளும் நலமென்றும், உங்கள் விதைக்கடையில் வியாபாரம் குறைவில்லாமல் நடக்கிறதென்றும் நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் உருப்படியான போன் ஒன்றுதான், அது அருணா கையில் இருக்கிறது. ஊருக்கு மேலே சிக்னல் கிடைக்கிற பாறையும் ஒன்றுதான், அதன்மேல் அருணா உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி, அவள் போனையே வாங்கி, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்களிடம் எப்படிப் புலம்புவது? ஆகவே எழுதி, நாளை கணியம்பாடிப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திருவண்ணாமலையில் பி.காம். முடித்து வந்த பெண் வங்கிப் பரீட்சைக்குப் படிப்பாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, விளம்பரத் துறைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். எனக்குத் தெரிந்த விளம்பரம் சுவரில் எழுதுவதுதான். "ஏம்மா, சாரம் கட்டி ஏறுவியா?" என்றேன். "எழுதறது இல்லப்பா. இன்னா எழுதறதுன்னு யோசிக்கிற வேலை" என்றாள். "யோசிக்கிறதுக்கு சம்பளம் குடுப்பாங்களா?" என்றேன். "நல்லா யோசிச்சா குடுப்பாங்க" என்றாள். மச்சான், நானும் விவரம் தெரிந்த நாளாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருவரும் கொடுத்ததில்லை. எந்தக் காலேஜில் இதைச் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் நெட்டில் இலவசமாகவே இருக்கிறது, தேடத் தெரிந்தால் போதும் என்றாள். அன்றிலிருந்து காலையில் பாறைக்குப் போய்ப் பாடங்களை இறக்கிக்கொண்டு வருகிறாள், சாமை புடைத்துக்கொண்டே கேட்கிறாள். நடுவில் ஒருவன், நுழைவுக் கட்டணம் கட்டினால் உடனே வேலை என்று செய்தி அனுப்பினான். வந்த வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்று நான் பயந்துபோய், சேர்ந்துவிடு, நல்ல மனுஷனாகத் தெரிகிறான் என்றேன். "வேலை குடுக்கறவன் நம்மகிட்ட இன்னாத்துக்குப்பா கேக்கறான்?" என்று அவனைத் தூக்கி எறிந்தாள். அந்த விஷயத்தில் அவளுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு வம்பு இருந்தது. அனுபவம் இல்லாதவர்களுக்கு யாரும் வேலை தரமாட்டார்களாம். அதனால் யாரும் கேட்காமலேயே நாமாக நாலு பொருளுக்கு விளம்பரம் செய்து நெட்டில் ஒரு பக்கம் தொடங்கி அதில் போட்டு வைக்க வேண்டுமாம், பார்க்கிறவர்கள் பார்த்துக் கூப்பிடுவார்களாம். யாரும் கேட்காத காரியத்தைச் செய்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? முதலில் நம் வீட்டுச் சாமைக்குச் செய்தாள். மங்கம்மாள் அடுப்பில் கிளறிக்கொண்டிருந்ததைப் படம் பிடித்து, அதன்மேல் 'சமைக்கத் தெரியாதவங்களுக்கும் சரியா வேகும்' என்று எழுதி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் மங்கம்மாளைப் பார்த்து ஒருத்தி பாவப்பட்டாளாம். வீட்டுக்கு வந்து, "பொறந்ததுல இருந்து உனக்கு ஆக்கிப் போட்டவ நானு. எனக்கு சமைக்கத் தெரியாதுன்னு போட்டோ புடிச்சுப் போட்டிருக்கியே" என்று உட்கார்ந்துகொண்டாள். அருணா, "படம் அழகா இருந்துச்சும்மா, அதான் போட்டேன்" என்றாள். சென்னையில் ஷோபனா என்று ஒரு அம்மா, விளம்பரத் தொழிலில் பழுத்தவராம், புதிதாக வருகிறவர்கள் செய்ததை நெட்டில் பார்த்துத் திருத்திச் சொல்கிறவராம், அவருக்கு இதை அனுப்பியிருக்கிறாள். 'படத்தையும் வரியையும் சேர்த்துத்தான் படிப்பார்கள், உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள்' என்று அவர் பதில் எழுதினார். முகம் தெரியாத ஒருவர் திட்டுகிறார், இவள் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப எழுதுகிறாள். நான் திட்டினால் மட்டும் பாறைக்குப் போய்விடுகிறாள்.

அடுத்து அருள் மாட்டிக்கொண்டான். நம் ஊருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறானே, அவன்தான். அவன் ஜீப்புக்கு 'ஏறினபடியே முழுசா இறங்குவீங்க' என்று எழுதினாள். அருள் வீட்டுக்கே வந்துவிட்டான். "மாமா, இதுவரைக்கும் என் வண்டியில யாரு பாதியா இறங்குனாங்க? கேட்டுச் சொல்லுங்க" என்றான். வாடிக்கையாளரிடம் பேசாமல் எழுதியதுதான் தப்பு என்று பாடத்தில் கண்டுபிடித்து, இவள் ஒரு வாரம் அந்த ஜீப்பிலேயே போய் வந்தாள். ஏறுகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டாள். வண்டி விட்டுவிட்டுப் போய்விடுமோ என்கிற பயம்தான் எல்லோருக்கும் பெரிது என்று தெரிந்துகொண்டு, 'நீங்க வர்ற வரைக்கும் கெளம்பாது' என்று மாற்றி எழுதினாள். அருளுக்குப் பிடித்துப்போய்ப் பின்னால் பெயிண்டில் எழுதிக்கொண்டான். இப்போது ஊரே நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறது. யாராவது வைதால், "எழுதியிருக்கறதப் படிங்க" என்கிறார்கள். ஜீப் கிளம்புவதற்குள் எனக்குப் பசித்து மறுபடி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வண்டியில் காத்திருக்கிறவர்கள் அருளை விட்டுவிட்டு என்னைத்தான் முறைக்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பெண் பார்க்க வந்த கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை பெயர் மோகன், அடுத்த மலைக்காரர்கள், நல்ல குடும்பம். அவன் அம்மா பச்சையம்மா வந்து உட்கார்ந்ததும் அருணா காபியைக் கொடுத்துவிட்டு, "அத்தை, தலைக்கு இன்னா எண்ணெய் வெக்கிறீங்க? அத ஏன் வாங்குனீங்க, வாசனைக்கா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று ஆரம்பித்தாள். அந்த அம்மாவை அதுவரைக்கும் யாரும் அப்படி அக்கறையாகக் கேட்டதில்லை போலிருக்கிறது. எண்ணெயில் தொடங்கிச் சோப்பு, டீத்தூள், செருப்பு என்று மத்தியானம் வரை பேசினார்கள். கல்யாணப் பேச்சு வரவேயில்லை. பிறகு அருணா, மாப்பிள்ளையைப் பற்றித் தரகர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்துப் பார்த்து, மோகனிடமே, "நல்ல பையன், கெட்ட பழக்கம் இல்லன்னு போட்டிருக்காங்க. எல்லாருக்கும் இதத்தான் போடறாங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். "அம்மாவுக்கு காபி போட்டுக் குடுப்பேன்" என்றான் வெட்கப்பட்டுக்கொண்டு. உடனே அதையே முதல் வரியாக வைத்து, 'காலையில் காபி இவர் போடுவார்' என்று புதிதாக எழுதிக் கொடுத்தாள். மச்சான், அந்தக் காகிதம் போன இடத்திலெல்லாம் பெண் கொடுக்க வரிசையில் நின்றார்களாம். ஆவணியில் மோகனுக்குக் கல்யாணம். பெண் வேறு பெண். பத்திரிகையும் பழமும் கொண்டுவந்து, அருணாவுக்குத்தான் முதல் பத்திரிகை என்று பச்சையம்மா அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மங்கம்மாள் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

இப்போது தலைக்கு மேல் போய்விட்டது. அவள் பக்கத்தைப் பார்த்து சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி கூப்பிட்டுவிட்டது. பயிற்சி வேலையாம். செவ்வாய்க்கிழமை பாறைமேல் வைத்து வீடியோவில் நேர்காணல் நடந்தது. தூறல் போட்டதால் நான் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் இங்கிலீஷில் கேட்டார், இவள் தடுமாறினாள். தமிழிலேயே சொல்லுங்கள் என்றார். யாரிடம் தொழில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "பாடம் நெட்ல படிச்சேன் சார். தப்பெல்லாம் ஊர்ல பண்ணிக் கத்துக்கிட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். சிரித்தால் எடுத்துக்கொள்வார்கள் என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அங்கே அவள் எந்த அறையில், யாரோடு தங்குவாள்? இங்கிலீஷில் கேலி செய்தால் யாரிடம் சொல்லுவாள்? அதைவிட, ஏன் எதற்கு என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறவள் போய்விட்டால், நானும் மங்கம்மாளும் எதைப் பேசிக்கொண்டிருப்போம் என்று தெரியவில்லை. அவர்கள் வேண்டாமென்று சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆகையால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் மேலே வர வேண்டும். தாய்மாமன் சொன்னால் தட்டமாட்டாள். விளம்பரமெல்லாம் நமக்கு ஒத்துவராது, வங்கிப் பரீட்சைக்குப் படி என்று உங்கள் யோசனை போலவே சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று தெரிய வேண்டாம். தெரிந்தால் ஏன் எழுதினேன், என்ன நினைத்து எழுதினேன் என்று கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளர நம் மலைச்சாமி துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ரங்கன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அருணா பாறையிலிருந்து இறங்கி வந்தாள். கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டதாம். அனுபவமுள்ள வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். "பரவால்லப்பா, நீ சொன்ன மாதிரி பரீட்சைக்கே படிக்கறேன்" என்றாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. நான் வேண்டிக்கொண்டது அத்தனையும் நடந்திருக்கிறது, ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. சிரிக்கச் சிரிக்கக் கேட்டுவிட்டு வேண்டாமென்று சொல்ல அந்த ஆளுக்கு எப்படி மனசு வந்தது? நம் பெண்ணை விட்டால் அவருக்கு யார் கிடைப்பார்கள்? பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வேறு கம்பெனிக்கு அனுப்பு என்று சத்தம் போட்டேன். மங்கம்மாள் என்னைவிட அதிகம் போட்டாள். இவளோ தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாள். ஆகையால் மச்சான், ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வாருங்கள். மேலே எழுதியதில் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். உங்கள் விதைக்கடைக்கு விளம்பரம் எழுதித் தர ஆள் வேண்டும் என்று கேளுங்கள். தேவையில்லை என்று தோன்றினாலும் கேளுங்கள். கடையைப் பற்றியும் வாங்க வருகிறவர்களைப் பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்பாள். கோபித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். அது அவள் வேலை.