தாய்மாமன் கழுத்தில் ஒரு லென்ஸ்

வீதி உலா வருகிற சாமியே ஒரு நிமிடம் நின்று கொடுத்தால், உடுத்தியிருக்கிற பட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "இங்க ஒரு இழை விட்டுப்போச்சி சாமி" என்று சொல்லக்கூடிய ஆள் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் என் மனைவிக்கு அண்ணனாக வாய்த்தது என் தலையெழுத்து.

பெயர் இருக்கிறது, ரேஷன் கார்டில். ஊருக்கு அவர் லென்ஸ். நெசவாளர் சங்கம் ஒன்றில், தறியிலிருந்து இறங்கி வரும் புடவைகளைப் பரிசோதிக்கிற வேலை. மேசையில் புடவையை விரித்து, பித்தளை மடக்கு லென்ஸை வைத்து, குனிந்தார் என்றால் நிமிர மாட்டார். என்னைப் போன்ற தறிக்காரர்கள், ஆபரேஷன் நடக்கிற அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். அவர் ஓய்வு பெற்ற அன்று சங்கத்தில் மாலை போட்டார்கள். கழற்றி லென்ஸில் பார்த்துவிட்டு, "நாரு இத்துப்போயிருக்குது" என்றார். அதுதான் அவருடைய நன்றியுரை.

மேசை போனது, லென்ஸ் போகவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். டிபன் கடையில் இட்லியைப் பிட்டு லென்ஸில் பார்ப்பார். கடைக்காரர் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, இட்லி துன்றதுக்கா, ஜோசியம் பாக்கறதுக்கா?" என்று கேட்டார்.

"பாத்துட்டுத்தான் துன்னணும். துன்னுட்டுப் பாத்து இன்னா பிரயோஜனம்?"

நான் எட்டாவதோடு நின்றவன். பிரஷர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று யோசித்தே பிரஷர் ஏறுகிற உடம்பு. இப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மச்சான் வேண்டுமா என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

போன வருடம் என் மகள் கோமதிக்கு ஒரு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் புடவை வைத்துக் கொண்டுவந்தார்கள். தாய்மாமன் ஆசீர்வாதம் பண்ணக் கையை நீட்டுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் புடவையின் ஓரத்தைத் திருப்பினார். லென்ஸை வைத்தார்.

"இது விசைத்தறிமா. கைத்தறிப் பட்டுன்னு சொல்லி யாரோ உங்க தலையில கட்டிட்டான்."

காஞ்சிபுரத்துப் பெண் வீட்டில், தறிச் சத்தத்துக்கு நடுவில், மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? அந்தம்மா புடவையை மடித்தார். அவர்கள் கொண்டுவந்த ஆப்பிளைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லென்ஸ் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், "எந்தக் கடைன்னு சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்று உதவி செய்யப் பார்த்தார்.

அதற்குப் பிறகு இந்த வரன். பையன் பெயர் பிரகாஷ், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில் வேலை. கோமதிக்குப் பிடித்துப்போனது. பிடித்ததாக அவள் சொல்லவில்லை, என்னிடம் சொன்னது வேறு.

"அப்பா, மாமா இந்தத் தடவையும் வாயத் தெறந்தாருன்னா, இனிமே யாரு முன்னாடியும் நான் வந்து நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

கூப்பிடாமல் விட முடியுமா? தாய்மாமன் இல்லாமல் நிச்சயதார்த்தம் எங்கே நடக்கும்? தட்டு மாற்ற அவர் வேண்டும், பெண்ணுக்கு மாலை எடுத்துக்கொடுக்க அவர் வேண்டும். ஒரே அண்ணன் வேறு. என் மனைவிக்கு இன்னொரு அண்ணனைப் பெற்றிருக்கக் கூடாதா என்று, போய்ச் சேர்ந்துவிட்ட என் மாமியாரோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் மோதிரம் மாற்ற வேண்டும் என்றார்கள், அதுவும் வைரம். மாப்பிள்ளைக்கு நாங்கள் எடுக்க வேண்டும், பெண்ணுக்கு அவர்கள். விஷயம் கேள்விப்பட்ட நாளிலிருந்து லென்ஸ் செல்போனில் வைர வீடியோக்களாகவே பார்க்க ஆரம்பித்தார். சாப்பிடும்போது பார்த்தார், கோயில் வரிசையில் பார்த்தார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார்.

"மாப்ள, வைரத்துக்கு எல்லாமே கட்டுதான், கல்ல அறுக்கற விதம். மேல உழுந்த வெளிச்சம் உள்ள போய்த் திரும்பி மேலயே வரணும். ஆழமா அறுத்துட்டா நடு கறுத்துப்போவும். தட்டையா அறுத்துட்டா அடியில ஒழுகிடும், நடுவுல மீன் கண்ணு மாதிரி வெளுப்பா ஒரு வளையம் முழிச்சிக்கினு நிக்கும்."

"சரி மச்சான்."

"இன்னா சரி? எங்க சொல்லு பாப்போம்."

சொன்னேன். வேறு வழி?

காந்தி ரோடு பக்கம் ஒரு நகைக்கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும், "மொதல்ல லைட்ட நிறுத்துமா. இந்த வெளிச்சத்துல ஜல்லிக் கல்லும் ஜொலிக்கும்" என்றார். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "சார், எல்லாமே எக்ஸலண்ட் கட். சர்டிபிகேட் இருக்குது" என்றது.

"புடவைக்குந்தான் லேபிள் இருக்குது."

மோதிரத்தை வாசல் வெயிலுக்குக் கொண்டுபோனார். காவல்காரர் பதறி ஓடிவந்து அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியோடேயே லென்ஸ் தெருவில் நின்று கல்லைப் பார்த்தார். கோயிலுக்குப் பஸ்ஸில் வந்தவர்கள் அதைப் போட்டோ எடுத்தார்கள்.

உள்ளே வந்தவர், தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை மேசையில் விரித்தார். பழக்கம். அந்த மனிதர் ஆயுள் முழுக்க எதையும் பட்டின் மேல் வைத்துத்தான் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மோதிரமாக ஜரிகையின் மேல் வைத்தார்.

"மஞ்சள். இதுவும் மஞ்சள். இன்னாமா இது, வைரம்னு சொல்லிட்டு மஞ்சக்கிழங்கு விக்கறீங்க?"

அந்தப் பெண் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கவஸ்திரத்தின் மேல் போட்டு, அதே மோதிரத்தை அதன் மேல் வைத்தது. கல் பளிச்சென்று வெளுப்பாக இருந்தது. ஜரிகையின் பொன்னிறம்தான் அதுவரை கல்லுக்குள் தெரிந்திருக்கிறது. கடையில் எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

லென்ஸ் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தார். "காயிதத்த நம்பறதுக்கில்ல" என்று சொல்லி அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் அவர் ஒத்துக்கொண்ட மோதிரத்தில் கல் இருப்பதை நான் தடவித்தான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு சிறியது. "இதுல குறை சொல்ல முடியாது மாப்ள" என்றார். குறை தங்குவதற்கு அதில் இடம் இருந்தால்தானே.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் என் மனைவி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அண்ணா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த லென்ஸ் வேணாம்ணா." சரி என்று தலையை ஆட்டினார். மறுநாள் கழுத்தில் லென்ஸோடுதான் வந்தார். கேட்டதற்கு, "கழட்டிப் பாத்தேன்மா. கழுத்து ஒரு மாதிரி இருக்குது" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தட்டு மாற்றினார், பேசவில்லை. எங்கள் மோதிரத்தைக் கோமதி மாப்பிள்ளைக்குப் போட்டாள். அடுத்து பிரகாஷ் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து மோதிரத்தை எடுத்தான். போட்டுத் தொலைக்கக் கூடாதா? எதிரே நின்ற தாய்மாமனின் கழுத்தைப் பார்த்துவிட்டான்.

"மாமா, அது லென்ஸா? உங்களுக்கு வைரம் பாக்கத் தெரியுமா? இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

என் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டாள். கோமதி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் போன வருடத்து ஆப்பிள் தட்டு தெரிந்தது. நான் மாத்திரை போட்டேனா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

லென்ஸ் குனிந்தார். பையன் கையிலிருந்த மோதிரத்தின் மேல் லென்ஸை வைத்தார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"யாரு எடுத்தது தம்பி?"

"நான்தான் மாமா. தனியாப் போய் எடுத்தேன். எங்க அம்மாவுக்கே இப்பதான் காட்டறேன். கட்டு நல்லாருக்குதா மாமா?"

லென்ஸ் இன்னும் குனிந்தார். நிமிர்ந்து பையன் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"உன் கை இந்த ஆட்டம் ஆடுதேபா. ஆடற கையில கல்ல எப்பிடிப் பாக்கறது? மொதல்ல அவ விரல்ல போடு. அங்க ஆடாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிரகாஷும் சிரித்துக்கொண்டே போட்டான். அவன் அம்மா விடவில்லை. "போட்டாச்சிங்க. இப்பப் பாத்துச் சொல்லுங்க."

லென்ஸ் லென்ஸை மடக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். "கட்டின புடவைய செக்கிங் மேசையில போடறதில்லீங்கமா. விரல்ல ஏறின மோதிரமும் அப்பிடித்தான். அது பொண்ணோட பொருளு. அதுக்கப்புறம் நாம யாரு?"

"அதுவும் சரிதான்" என்றார் அந்தம்மா. மேளம் மறுபடி ஆரம்பித்தது. நான் உட்கார நாற்காலி தேடினேன்.

பந்தியில் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். காதோடு கேட்டேன். "மச்சான், நெசமாச் சொல்லு. கல்லு எப்பிடி?"

சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "கட்டே இல்ல மாப்ள. தட்டையா அறுத்துட்டான் படுபாவி. வெளிச்சம் அத்தினியும் அடியில ஒழுகுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அந்தப் பையன் கை ஆடிச்சே, நீ பாக்கல?"

கண்ணில் பட்ட குறையைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. அது தொண்டையிலேயே நின்றிருக்க வேண்டும், சோறு இறங்கவில்லை. வடை தொடாமல் கிடந்தது. பாயச வாளியோடு போனவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இங்க இன்னொரு கரண்டி ஊத்துப்பா. பொண்ணோட தாய்மாமன்."