அப்பா ஆப்புக்கு மாறினார்

இருபத்திரண்டு வருடம் பர்மிட் டாக்சி ஓட்டியவர் என் அப்பா. மீட்டருக்கு அரசாங்கம் வைத்த சீலைத் தினமும் துணியால் துடைப்பார். போன் ஆப்பில் சவாரி பிடித்துக் கார் ஓட்டுகிறவர்களைக் கண்டால் "சட்டமில்லாத சனங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு அறிவித்தார்:

"பர்மிட்டைத் திருப்பிக் கொடுக்கப் போறேன். இனிமே ஆப்புதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சட்டம் படிக்கிறவள். டாக்சி விதிகளைப் பற்றித்தான் அந்தப் பருவக் கட்டுரையே.

"விதி எதுக்குப்பா இருக்கு? ஏறினவங்க பத்திரமா இறங்கணும்னுதானே? அந்த ஆப்புக் கம்பெனி உங்களை ஒரு தடவையாவது நேர்ல பார்த்திருக்கா?"

"பார்க்காததுதான் சுதந்திரம்."

"இதோ, போக்குவரத்து அலுவலக அறிவிப்பைப் பாருங்க! கண் பரிசோதனைக்குப் புது இயந்திரமே வாங்கியிருக்காங்க. எவ்வளவு அக்கறை!"

"அக்கறையா? அடிமைத்தனம்! உழைக்கிற மனுஷனை நிக்க வச்சு, எழுத்துப் படிடான்னு சொல்றது!"

மூன்று நாள் சண்டை. அந்த அறிவிப்பை மூன்று முறை மேற்கோள் காட்டினேன். அவர் மூன்று முறை மேஜையைத் தட்டினார். அம்மா துணி மடித்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, இந்த வருஷம் ஏன் குளிக்கும்போது பாடலை?"

அப்பா செருப்பைத் தேடினார். செருப்பு காலடியில்தான் கிடந்தது.

அம்மா என்னைத் தனியே இழுத்தாள். வருடா வருடம் பர்மிட்டுக்கான கண் பரிசோதனைக்கு முந்தின வாரம் அப்பா குளியலறையில் "ட, ப, ம, ய" என்று முணுமுணுப்பார். ஏதோ பழைய பாட்டு என்று சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். பாட்டில்லை. அலுவலகச் சுவரில் இருந்த எழுத்துப் பலகை. இருபத்திரண்டு வருடமாக அதே பலகை. இந்த வருடம்தான் அது போய் இயந்திரம்.

"அப்போ அப்பாவுக்குக் கண்ணு..."

"போன வாரம் எதிர்வீட்டு நாயை ஸ்டூல்னு நினைச்சு உட்காரப் போனாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேர் அந்தக் காரில் ஏறி இறங்கியிருப்பார்கள்? நான் தலையில் வைத்துக் கொண்டாடிய விதி, மாறாத ஒரு பலகையின் கீழே குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"இப்பவே போய்க் கேட்கிறேன்மா!"

"நீ கேட்பே. அவர் வாதாடுவாரு. நீ திருப்பி வாதாடுவே. கார் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பேசாம என்கூட வா."

அடுத்த தெரு மருந்துக்கடை வாசலில் நின்று, சித்தியின் போனிலிருந்து அம்மா கார் கூப்பிட்டாள். வேஷம் எதுவும் போடவில்லை. தினமும் உடுத்தும் அதே பச்சைச் சேலை. பக்கத்தில் இருக்கிற காருக்குத்தான் அழைப்பு போகும்; வீட்டு வாசலில் ஆப்பைத் திறந்துவைத்துக் காத்திருந்த அப்பாவே முதல் சவாரிக்கு வந்து நின்றார்.

"ஏறுங்கம்மா. கூட பொண்ணா? வாம்மா."

பிறந்ததிலிருந்து நான் வாயைத் திறக்காமல் இருந்த பத்து நிமிடம் அதுதான். கார் ஊர்ந்தது. போன் "இடதுபுறம் திரும்பவும்" என்றது. திரும்பினார். போகுமிடம் திரையில் எழுதித்தான் இருந்தது.

"என் பொண்ணும் இந்த வயசுதாம்மா. நல்லாப் பேசுவா. அவகிட்டயே சொல்ல முடியாத ஒண்ணு. கண்ணு மங்கிடுச்சும்மா. வெளியே தெரிஞ்சா பர்மிட் போயிடும். வேற தொழில் தெரியாது. வீட்டுக்காரி பயந்துடுவா, அதான் மூச்சு விடலை."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் நின்றதும் மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"இறங்குங்க. நீங்களும்தான்."

எதிரே கண் மருத்துவமனை. அப்பா ஸ்டீரிங்கை விடவே இல்லை. அம்மா சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் அறைக்கு முன்னால் காத்திருந்தபோது அம்மா அந்த அறிவிப்பை என் மடியில் விரித்தாள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘கண்ணாடி அணிந்தும் படிக்கலாம்.’ அப்பாவுக்கு அந்த எழுத்து தெரிந்திருக்காது. எனக்கு? மேற்கோள் காட்டுகிற அவசரத்தில் நான் அந்தக் கடைசி வரி வரைக்கும் இறங்கியதே இல்லை.

சாயங்காலம் கண்ணாடி வந்தது. பர்மிட் தப்பித்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் முதல் பயணி ஆப்பில் எழுதியிருந்ததைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார்:

‘ஒரு நட்சத்திரம். ஓட்டுநர் நல்ல மனிதர். வழி முழுக்கப் பெண்டாட்டியை அம்மா என்றுதான் கூப்பிட்டார்.’