நம்பர் ஏழுக்கு வந்த முதுகுவலி

"இனிமே இந்த வீட்டுக்குள்ள ஒரு ரெக்கார்டு நுழைஞ்சா நான் மனுஷனே இல்ல!"

எக்ஸ்ரேக்காரர் இப்படிச் சபதம் செய்து சரியாகப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

சபதம் செய்வது பெரிய காரியமில்லை. யார் முன்னால் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது வில்லங்கம். அவர் மனைவி கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர். சாட்சி தும்மினால்கூட எத்தனை தும்மல் என்று குறித்துக்கொள்கிற கை அது. அவர் வாயை மூடுவதற்குள் காலண்டர் ஓரத்தில் நாலு வளைவு வளைத்துவிட்டு, "திருப்பிப் படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"வீட்டுல சாப்பிட ஆறு தட்டு. கேக்கறதுக்கு அறுநூறு தட்டு. விருந்தாளி வந்தா எதுல பரிமாறட்டும்?"

"அது இசைத்தட்டும்மா."

"தெரியும். அதுலயும் ஒரு நல்ல பாட்டு உண்டா? மெஷின் துணி தொவைக்கற மாதிரி ஒரு சத்தம். அது மேல ஒருத்தன் மூச்சு விடாம யாரையோ திட்டறான்."

மருத்துவமனையில் நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போனவர் அவர். மூச்சே விடாமல் பாடுகிறவர்கள்மேல் காதல் வந்ததில் ஆச்சரியமில்லை. தானே தாளம் போடுகிற டிரம் மெஷின் புதிதாக வந்த காலத்தில், தெருவில் அட்டையை விரித்துப்போட்டுத் தலைகீழாகச் சுழன்று ஆடிய பிள்ளைகளுக்காக உண்டான எலக்ட்ரோ, ஹிப்-ஹாப் பாட்டுகள் அவை. தனித்தனியாகத் தேடினால் ஆயுள் போதாது. நல்ல வேளையாக ஒரு கம்பெனி அவற்றைப் பொறுக்கி, பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் கோத்து, பன்னிரண்டு தொகுப்பாக வெளியிட்டிருந்தது. ஒரே மாதிரி அட்டை, வேறு வேறு நிறம். பதினொன்று அவரிடம் இருந்தன. ஏழாவது மட்டும் இல்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளியை, பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி தினமும் விரலால் தடவிப் பார்ப்பார். இருபது வருஷமாக.

பதினோராவது நாள் மத்தியானம் பழைய ரெக்கார்டு வியாபாரி போன் செய்தார்.

"ஏழு வந்திருக்கு. கீறலே இல்ல. சாயங்காலம் வரைக்கும்தான் வெச்சிருப்பேன்."

எக்ஸ்ரேக்காரர் மனுஷனாக இருப்பதைச் சாயங்காலம் நாலேகாலுக்குக் கைவிட்டார்.

ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எலும்பில் மயிர்க்கோடு விரிசல் தேடுகிற கண்ணால் பார்த்தார். சுத்தம். ஆனால் வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? நெஞ்சுக்குள் டிரம் மெஷின் ஓட ஆரம்பித்தது. திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பழைய எக்ஸ்ரே உறை ஒன்று குப்பைக்குப் போகக் காத்திருந்தது. ரெக்கார்டு அதற்குள் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. 'அறிவுன்னா இதுதான்' என்று தன்னையே மெச்சிக்கொண்டு வீட்டுக்குள் காலை வைத்தார்.

"யாருக்கு எக்ஸ்ரே?" என்றாள் மனைவி.

மெச்சிக்கொண்டே வந்ததில், இந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்க மறந்துவிட்டிருந்தார்.

"எனக்குத்தான்."

"ஐயையோ! எங்க?"

"முதுகுல."

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கெழமைலேர்ந்து."

"திங்கக்கெழமை கட்டிலுக்கு அடியில குனிஞ்சு எலி தேடினீங்களே?"

"அதனாலதான் வந்துச்சு."

"எக்ஸ்ரே யாரு எடுத்தது?"

"நான்தான்."

"உங்க முதுகை நீங்களே எடுத்தீங்களா?"

"பட்டனை அழுத்திட்டு ஓடிப்போய்ப் படுத்துக்கிட்டேன்."

அவள் உறையைக் கையில் வாங்கினாள். "என்னங்க இது, இவ்வளவு கனமா இருக்கு?"

"எலும்புன்னா கனம் இருக்காதா?"

அவள் ஜன்னலைப் பார்த்து உறையைத் தூக்கினாள். அவர் பாய்ந்தார்.

"வெளிச்சத்துல காட்டாதே! கெட்டுப்போயிடும்!"

"எக்ஸ்ரேயை வெளிச்சத்துலதானே பாப்பாங்க?"

"அது... ஆஸ்பத்திரி வெளிச்சம். இது வீட்டு வெளிச்சம்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண் கலங்க, "இவ்வளவு வலியை வெச்சுக்கிட்டா பாய்ஞ்சீங்க? படுங்க முதல்ல" என்றாள். உறையைப் பிரிக்கவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் அவள் உறையை ஃப்ரிட்ஜுக்கு மேல் படுக்கவைத்து, அதன்மேல் பெரிய மாவு டப்பாவைத் தூக்கி வைத்தாள்.

"எதுக்கு?"

"டாக்டர் கேப்பார்ல? பத்திரமா இருக்கட்டும்."

ரெக்கார்டை நிற்கவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. சூடு ஆகாது, பாரம் ஆகவே ஆகாது. இருபது வருஷம் தேடிய நம்பர் ஏழு, ஃப்ரிட்ஜின் சூட்டுக்கும் மாவு டப்பாவின் பாரத்துக்கும் நடுவில் அப்பளமாக நெளிந்துகொண்டிருப்பதை எண்ணி எண்ணி அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"பாத்தீங்களா, வலியில சாப்பிடக்கூட முடியல" என்று அவள் மெத்தையை உருவிவிட்டு, கட்டிலில் வெறும் பலகையைப் போட்டாள்.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மெல்லச் சமையலறைக்குள் நுழைந்தார். கை மாவு டப்பாவைத் தொட்டதுதான் தாமதம்.

"கையைத் தூக்காதீங்க!" என்று பின்னாலிருந்து குரல். தலையில் துண்டோடு நின்றாள். "முதுகு நரம்பு இழுத்துக்கும். என்ன வேணும்?"

"மாவு."

"காலங்காத்தால மாவு எதுக்கு?"

"சும்மா... பாக்கலாம்னு."

அவளே ஒரு கிண்ணத்தில் மாவு எடுத்துக் கொடுத்தாள். பலகையில் உட்கார்ந்து அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குனியக் கூடாது என்றாள். ரெக்கார்டு பிளேயர் தரையில் இருந்தது. ஆகையால் பாட்டும் போச்சு. மூன்றாம் நாள் அவர் முகம் பார்க்கச் சகிக்காமல் அவளே நம்பர் மூன்றை எடுத்துச் சுழலவிட்டாள். அரை நிமிஷத்தில் ஊசியைத் தூக்கிவிட்டாள்.

"கீறல் விழுந்திருக்குங்க. கர்ரு கர்ருங்குது."

"அது விழுந்த கீறல் இல்லம்மா, தட்டை முன்னும் பின்னும் கையால தேய்ச்சு வேணும்னே கீறினது! அதுதான் இசை!"

"வேணும்னே கெடுத்ததை நீங்க வேணும்னு வாங்கினீங்களா?" என்று உறையில் போட்டு வைத்துவிட்டாள். "ஊசின்னதும் ஞாபகம் வருது. முதுகுல ஊசி போட்டா இந்த வலி பட்டுன்னு போயிடுமாம். எங்க பெஞ்ச் கிளார்க் சொன்னார். ஏற்பாடு பண்ணட்டுமா?"

"வேண்டாம்! இப்பவே பாதி குறைஞ்சிடுச்சு!"

"பாதிதானே? மீதிக்குப் பலகை இருக்கு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். காலண்டர் ஓரத்து வளைவுகள் கண்ணில் படும். வந்தது திரும்பிப் போய்விடும். பலகையில் படுத்துப் படுத்து நாலாம் நாள் அவருக்கு நிஜமாகவே முதுகு வலித்தது. அதை அனுபவிக்கக்கூட மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை கதவு மணி அடித்தது. கதவுநிலை கொள்ளாத தோளோடு ஓர் ஆள், தோளில் கயிறு. மனைவி அவரை நேரே பின்னறைக்குக் கூட்டிப்போனாள்.

"முதல்ல இந்தப் பெட்டிங்க எல்லாத்தையும் வெளிய எடுத்துடுங்க."

அந்த ஆள் ரெக்கார்டுப் பெட்டி ஒன்றை அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார். எக்ஸ்ரேக்காரர் பலகையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"யா... யாரு இவரு?"

"தெரிஞ்சவங்க சொல்லி வந்தவர். எல்லாத்தையும் எடுத்துடறேன்னு சொன்னார். நல்ல மனுஷர்."

"எடுத்து?"

"உங்களால குனிய முடியாது, தூக்க முடியாது. அந்த ரூமை இப்படியே அடைச்சு வெச்சு என்ன பண்ணப்போறோம்? நீங்களே சொல்லுங்க."

இரண்டாவது பெட்டி போயிற்று. மூன்றாவது போயிற்று. நாலாவது பெட்டியில் அந்தப் பதினொன்றும் வரிசையாக நின்றன. மனைவி ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து எக்ஸ்ரே உறையை இறக்கி, "இதையும் இதோட வெச்சுக்குங்க" என்று பெட்டியின்மேல் வைத்தாள்.

பலகை காலியாயிற்று. மூன்றே தாவல். பெட்டியை அந்த ஆளின் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார் எக்ஸ்ரேக்காரர்.

"குடுக்க மாட்டேன்! என் முதுகுல ஒண்ணுமில்ல! திங்கக்கெழமையும் ஒண்ணுமில்ல, பொறந்ததுலேர்ந்து ஒண்ணுமில்ல! உறைக்குள்ள இருக்கறது எலும்பு இல்ல, ரெக்கார்டு! நம்பர் ஏழு! நான் மனுஷனே இல்ல, போதுமா? வேணும்னா பாரு!"

பெட்டியைக் கீழே வைத்தார். குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். நிமிர்ந்தார். மறுபடி தொட்டார். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

மனைவி நிதானமாகப் பென்சிலை எடுத்துக் காலண்டர் ஓரத்தில் எழுதினாள். "ஒண்ணுமில்ல, மூணு தடவை. குறிச்சாச்சு."

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?"

"உறை மேல எழுதியிருக்கே, படிக்கலையா? 'பெண், வயது எழுபத்திரெண்டு, இடது முழங்கால்.'"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே!"

"சாட்சி தானா சொல்றவரைக்கும் நான் குறுக்க பேசறதில்ல."

"சரி, தப்புதான். ஆனா ரெக்கார்டை விக்காதே. கெஞ்சிக் கேக்கறேன்."

"விக்கறதா? யாரு சொன்னா? பெட்டியெல்லாம் ஹால்லதான் இருக்கு, போய்ப் பாருங்க. என் பீரோ வருது, இடம் வேணுமில்ல?"

வந்த ஆள் தோளிலிருந்த கயிற்றை அவிழ்த்து, ஒரு முனையை மரியாதையோடு அவர் கையில் கொடுத்தார்.

"மூணு கதவு பீரோ சார், கீழ வண்டியில நிக்குது. லிஃப்ட்ல நுழையாது, நாலு மாடி ஏத்தணும். கூடத் தூக்கற ஆள் இன்னிக்கு வரலைன்னு போன்ல சொன்னேன். 'நீங்க தைரியமா வாங்க, எங்க வீட்டுல ஒருத்தருக்கு முதுகுவலி, நீங்க வந்த பத்தாவது நிமிஷம் சரியாயிடும்'னாங்க அக்கா."